பத்தாவது ஆள்

மெல்பேர்னில் வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பராமரிப்பது என் வேலை. நான் குடியிருந்த ட்ருகனினாவிலிருந்து கோல்ஃபீல்ட் வரை கார் ஓட்டிப் போய் ஒரு யூத முதியவரைப் பார்த்துக்கொண்டேன். எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. நாங்கள் பேசிக்கொண்டது ஆங்கிலத்தில்தான். ஆனால் அவருடைய பேச்சு என் மனதில் யாழ்ப்பாணத் தமிழாகவே தங்கிவிட்டது. அப்படியே எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமைகளில் வெயில் சாயும் நேரம், சக்கர நாற்காலியை ஜன்னலருகே தள்ளச் சொல்வார். தெருவில் யூதக் குடும்பங்கள் ஜெப ஆலயத்துக்கு நடந்து போகும். வெள்ளைச் சட்டை போட்ட பிள்ளைகள் முன்னால் ஓடுவார்கள். கடைசி ஆள் திருப்பத்தில் மறையும் வரை பார்த்துக்கொண்டிருப்பார்.

"உங்களைக் கூட்டிக்கொண்டு போகட்டோ?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வேண்டாம் பிள்ளை. அங்கை நான் செத்த ஆள்."

காரணத்தைப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். இளவயதில் யூதரல்லாத ஒரு பெண்ணைக் காதலித்துக் கட்டினார். அதைக் கேள்விப்பட்ட தகப்பனார், மகன் இறந்துவிட்டான் என்று வைத்து, அவர்கள் வழக்கப்படி ஏழு நாள் தாழ்வான ஆசனத்தில் உட்கார்ந்து துக்கம் காத்தாராம். இவர் அதன்பின் ஜெப ஆலயத்தின் வாசலைக்கூட மிதிக்கவில்லை.

"மனுசியோட சந்தோசமாத்தான் இருந்தனான். அதிலை ஒரு குறையும் இல்லை. ஆனா பிரார்த்தனையிலை எல்லாரும் சேர்ந்து ஒரே குரல்லை சொல்லுற அந்தச் சத்தம்…" என்று சொல்லி, வெளியே பார்க்கத் தொடங்கிவிட்டார்.

அந்த ஏக்கம் எனக்கும் தெரியும். அப்பா யாழ்ப்பாணத்தில் இறந்தபோது என் அகதி விண்ணப்பம் முடிவாகவில்லை. போனால் திரும்பி வர முடியாது. செத்தவீட்டை ஃபோனில் பார்த்தேன். இணைப்பு அடிக்கடி அறுந்தது. மறுநாள் வழக்கம்போல வேலைக்குப் போனேன்.

ஒரு குளிர்கால மாலை, நான் வீட்டுக்குப் புறப்படும் நேரத்தில் கதவு தட்டும் சத்தம் கேட்டது. தொப்பியணிந்த இரண்டு பேர் நின்றார்கள். பக்கத்துத் தெருக்காரர்கள். தபால்பெட்டியில் இருந்த பெயரைப் பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னார்கள்.

"அங்காலை ஒரு வீட்டிலை தாய் தவறிப் போயிட்டா. மகன் பிரார்த்தனை சொல்லவேணும். அதுக்குப் பத்து ஆம்பிளையள் வேணும். ஒன்பது பேர்தான் நிக்கிறம். இங்கை ஆரும் யூதர் இருக்கினமோ?"

முதியவர் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். "இருக்கிறன். ஆனா நான் கும்பிடுறதில்லை. என்ரை தகப்பனே என்னைத் தள்ளி வைச்சவர். நான் வந்தால் சரிவராது."

வந்தவர்களில் மூத்தவர் வாசலில் நின்றபடியே சொன்னார்: "அதொண்டும் நாங்கள் கேக்கேல்லை. நீங்கள் வந்தால் தொடங்கலாம்."

முதியவர் நாற்காலியை என் பக்கம் திருப்பினார். பிறகு என்னைப் பார்த்து, "அலுமாரியிலை இருக்கிற நல்ல சேட் ஒண்டு போட்டுவிடும் பிள்ளை" என்றார்.

அந்த வீட்டில் துக்க வழக்கப்படி கண்ணாடிகளைத் துணியால் மூடியிருந்தார்கள். யாரோ முதியவரின் தலையில் சின்னக் கறுப்புத் தொப்பி ஒன்றை வைத்தார்கள். நான் பெண்களோடு சமையலறை வாசலில் நின்றேன். மகன் எழுந்து பிரார்த்தனையைத் தொடங்கினார். இடையிடையே எல்லோரும் சேர்ந்து பதில் சொன்னார்கள். முதலில் எங்கள் முதியவரின் உதடுகள் மட்டும் அசைந்தன. பிறகு அவர் குரல் எழுந்தது. என்னோடு பேசும்போது ஒருநாளும் கேட்காத உறுதி அதில் இருந்தது.

திரும்பும் வழியில், "என்னையும் பத்துக்குள்ளை எண்ணினவை" என்றார்.

அதன்பின் வெள்ளிக்கிழமைகளில் யாராவது வந்து அவரை ஜெப ஆலயத்துக்குக் கூட்டிப்போனார்கள். உடம்பு இடம் கொடுத்த வரைக்கும் போனார். வசந்தம் தொடங்கியபோது இறந்துபோனார்.

அடக்கத்தில் நான் தனியாகத்தான் நிற்பேன் என்று நினைத்திருந்தேன். ஆனால் மயானத்தில் கார் நிறுத்த இடமில்லை. பக்கத்தில் நின்ற பெண்ணிடம், "உங்களுக்கு அவரைத் தெரியுமோ?" என்று கேட்டேன்.

"தெரியாது. ஆக்கள் இல்லாதவர் எண்டு சொல்லிச்சினம். அதுதான் வந்தனான்."

ஒருவர் பின் ஒருவராக மண்வெட்டி எடுத்துக் குழியை அவர்களே மூடினார்கள். முடிந்ததும் எதிரெதிராக இரண்டு வரிசையில் நின்றார்கள். இறந்தவரின் உறவினர் அவற்றின் நடுவே நடந்து போக, இருபக்கமும் ஆறுதல் சொல்வது அவர்கள் வழக்கம். நடக்க உறவினர் யாருமில்லை. சடங்கை நடத்திய ரபி சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"நீங்கள்தானே கடைசிவரை அவரோட இருந்தனீங்கள். நடவுங்கோ."

"நான் உங்கடை ஆள் இல்லை."

"தெரியும்" என்று சொல்லி, வழிவிட்டு நின்றார்.

நடந்தேன். இருபுறமும் முகம் தெரியாதவர்கள் அவர்களின் பழைய மொழியில் மெதுவாக ஏதோ சொன்னார்கள். வார்த்தை புரியவில்லை. பாதி தூரத்தில் அழுகை வந்துவிட்டது. அவருக்காகத்தான் அழுகிறேன் என்று நினைத்திருப்பார்கள். அவருக்காகவும்தான். ஆனால் அப்பா போனதற்கு மனிதர் நடுவே நின்று நான் அழுதது அன்றைக்குத்தான்.

வாசலில் இருந்த குழாயில் எல்லோரும் கை கழுவிக்கொண்டு ஒருவரோடொருவர் பேசியபடியே போனார்கள். நானும் கழுவினேன். என் கணவர் ஃபோனில் அழைத்து, "எங்கை நிக்கிறீர்? முடிஞ்சுதோ?" என்று கேட்டார்.

"ஓம். வாறன்" என்றேன்.

ஆனால் கடைசிக் காரும் போகும்வரை அந்த இடத்தைவிட்டு நகர மனம் வரவில்லை. யாராவது ஒருவர் கண்ணாடியை இறக்கி, எங்களோடு வாருங்கள் என்று கூப்பிட்டிருந்தால் போயிருப்பேன்.