தேவாலயக் குழல்களும் வாப்பாவின் அமானிதமும்

கல்முனையில் எங்கள் குடிக்கு மரைக்காராக இருந்தவர் என் வாப்பா. பள்ளிவாசல் நிருவாகத்தில் எங்கள் குடியின் சார்பில் பேசும் உரிமை அவருக்கே உரியது. நான் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பில் முதலாவதாக வரும் பிள்ளை. எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளி வரையில் எங்கள் வீட்டை நோக்கி எவரும் விரல் நீட்டியதில்லை.

அச்சூறாவளி நகரத்துத் தேவாலயத்தின் கூரையைப் பிடுங்கி எறிந்தது. உள்ளே, வெள்ளைக்காரப் போதகர்களின் காலத்தில் கப்பலேறி வந்த பைப் ஓர்கன் ஒன்று இருந்தது. ஒருவர் பின்னால் நின்று துருத்தியை அழுத்த, ஆளுயரக் குழல்கள் வழியே காற்று பாடும். ஞாயிறுதோறும் அவ்வொலி எங்கள் நெல் ஸ்டோர் வரை கேட்கும். குழல்கள் ஈயக் கலவையால் ஆனவை. வலைகளை இழந்த மீனவர்கள் புதுவலைக்குக் கட்டும் குண்டுகளுக்காக ஈயம் தேடி அலைந்த காலம் அது. சபையாரிலேயே சிலர், குழல்களை விற்றுக் கூரை போடலாம் என்று கதைக்கத் தொடங்கினார்கள். அதற்கு அஞ்சிய போதகர் வாப்பாவை நாடினார். எங்கள் ஸ்டோரின் கூரை தப்பியிருந்தது. குழல்கள் பன்பாய்களில் சுற்றப்பட்டு உழவு இயந்திரத்தின் இழுவைப் பெட்டியில் அங்கே வந்து சேர்ந்தன. இருக்குமிடம் ஒருவருக்கும் தெரியக்கூடாது என்பது போதகர் விதித்த நிபந்தனை.

அதை மீறியவரும் அவரே. ஒரு காலை, சந்தையில் பலர் நடுவே சைக்கிளை நிறுத்தி, "மரைக்கார், பைப்பெல்லாம் பத்திரமா இருக்குதானே?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

கடல்நீர் புகுந்து கிணறுகள் உவர்த்திருந்த நாட்கள். குழாய்க்கிணறுகளுக்கென்று நிவாரணமாக வந்த பைப்புகள் பாதி வீடுகளை எட்டவில்லை. எங்கள் ஊரில் பைப் என்றால் தண்ணீர் வருவது. பாடுகின்ற பைப்பை யார் கண்டார்? மாலைக்குள் தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது: நிவாரணப் பைப்பை மரைக்கார் பதுக்கிவிட்டார். மறுநாள் வகுப்பில் என் பக்கத்துப் பையன், "உங்கட வாப்பா எத்தின கிணறுடா வெட்டப் போறாரு?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது.

உம்மாவின் தம்பி, என் மாமா, ஸ்டோர்ச் சாவியைக் கேட்டு வந்து நின்றார்.

"கதவத் தொறந்து காட்டுங்க மச்சான். பாத்துட்டு வாயப் பொத்திக்கிட்டுப் போவானுகள்."

"அது அமானிதம். என்ட பேரக் காப்பாத்த மத்தவன்ட சாமானக் காட்டேலா."

நம்பி ஒப்படைத்த பொருளை எங்களவர் அமானிதம் என்பார்கள்.

"அப்ப மரைக்கார் வேலைய ஆருக்கிட்ட அமானிதம் குடுக்கப் போறீங்க?"

பதிலைப் பள்ளிவாசல் சொன்னது. அடுத்த வெள்ளி ஜும்ஆத் தொழுகைக்குப் பின் அவரை நீக்கி, அவர் வழக்குத் தீர்த்துவைத்த ஒருவரையே மரைக்காராக்கினார்கள். சாட்சி கேட்கவுமில்லை, சத்தியம் கேட்கவுமில்லை.

போதகருக்கு இவை யாவும் தெரியும். சந்தைக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொன்னால் தம் சபையார் குழல்களைத் தேடி வருவார்கள் என்று வாய் மூடியிருந்தார். தம் கூரை நிமிர்ந்த பிறகே எங்கள் வீட்டுக்கு வந்தார். அதுவும் பின்வேலிக் கடப்பு வழியாக. வாப்பா அவருக்குத் தேநீர் கொடுத்தார். ஒவ்வொரு குழலையும் தம் கையாலே துடைத்து வண்டியில் ஏற்றிவிட்டார். போதகர் விம்மி அழுதார். ஒரு குழலும் நெளியவில்லை என்ற மகிழ்ச்சியில் அழுகிறார் என்றே நான் எண்ணினேன். அன்று முழுவதும் அவர் வாப்பாவின் முகத்தை ஏறெடுத்துப் பார்க்கவேயில்லை என்பதன் பொருள் எனக்கு அந்த வயதில் விளங்கவில்லை.

ஓர்கன் மீண்டும் ஒலித்தபோது ஊருக்கு உண்மை தெரிந்தது. ஊர் மன்னிப்புக் கேட்கவில்லை, மறந்துவிட்டது. பதவியும் திரும்பி வரவில்லை.

அண்மையில் அத்தேவாலயத்தின் விழாவொன்றில், காணாமற்போன குழல்கள் ஒரு முஸ்லிம் வியாபாரியிடமிருந்து மீட்கப்பட்டன என்று ஒருவர் பேசினார். சபை கைதட்டியதாம்.

குழல்கள் காணாமற் போகவில்லை. எவரும் அவற்றை மீட்கவுமில்லை. கொடுத்தவரிடமே என் வாப்பா திருப்பிக் கொடுத்தார்.