அழுகலை அள்ளியது எங்கள் குற்றம்

சர்க்கார் எங்களுக்கு நிவாரணம் தராததற்குக் காரணம் நாங்கள் வேலை செய்ததுதான். வேறு ஒன்றும் இல்லை.

அறுபதுகளின் தொடக்கம். நான் கல்யாணமாகி கொடைக்கானல் மலையில் இருக்கிற கவுஞ்சிக்கு வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. அந்த ஐப்பசியில் மழை விடாமல் கொட்டி, உருளைக்கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுகிவிட்டது. விதைக்கிழங்கை கொடைக்கானல் பஜாரில் ஒரு மண்டிக்காரரிடம் கடனுக்கு வாங்கியிருந்தோம். கடனைத் தீர்க்காவிட்டால் எங்கள் பொதிக்குதிரையை அவர் ஓட்டிக்கொண்டு போகலாம் என்பது பேச்சு. அந்தக் குதிரை இல்லாமல் விளைந்ததை ரோட்டுக்குக் கொண்டுபோக முடியாது.

எங்கள் ஊரில் அழுகின கிழங்கை மண்ணில் விடமாட்டார்கள். மேல் வயலில் விட்டால் அழுகல் தண்ணீரோடு இறங்கிக் கீழ் வயல் பயிரையும் கெடுக்கும். அதனால் மழை வெறித்ததும் நானும் என் வீட்டுக்காரரும் எல்லாவற்றையும் தோண்டி அள்ளி, ஓரத்தில் குழி வெட்டிப் புதைத்தோம். கையில் ஏறின நாற்றம் சாம்பல் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. பிறகு வீட்டில் இருந்த பூண்டை உடைத்து ஊன்றினோம்.

பூண்டு முளைத்த பிறகுதான், பயிர் போன விவசாயிகளுக்கு உதவித்தொகை என்று தண்டோரா போட்டார்கள். அதிகாரி நேரில் பார்த்து எழுதுவாராம்.

பக்கத்து வயல்காரர் முறைக்கு எனக்கு அண்ணன். அவர் வீட்டில் எல்லோரும் காய்ச்சலில் கிடந்ததால் வயலைத் தொடவே இல்லை. அதிகாரி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அதைப் பார்த்தார், பாவம் என்றார், எழுதிக்கொண்டார். அப்புறம் எங்கள் வயலுக்கு வந்தார்.

"பச்சப்பசேல்னு நிக்குதே. இதுல என்னய்யா சேதம்?"

"இது இப்ப வச்ச பூண்டுங்க," என்றார் என் வீட்டுக்காரர். "கெழங்கு அழுகிப்போச்சுங்க. அள்ளிப் பொதச்சுட்டோம்ங்க."

"ஒன்ன யாரு அள்ளச் சொன்னா?"

அப்படி ஒரு கேள்வியை எங்கள் ஊரில் யாரும் கேட்டதில்லை.

நான் மண்வெட்டியை எடுத்துக் குழியைத் திறந்தேன். கூழாகக் கிடந்ததை இரண்டு கையாலும் அள்ளி அவர் முன்னால் நீட்டினேன். அவர் பின்னால் நகர்ந்தார்.

"தள்ளிப் போம்மா! இது ஒங்க வயல்ல வெளஞ்சதுன்னு நான் எப்படி எழுதுறது? சேதம் நெலத்துல இருக்கணும். ரூல் அதுதான்."

"ஒங்க வீட்டுல பொணம் விழுந்தா, அதிகாரி வந்து பாக்குற வரைக்கும் நடுவீட்டுலயே போட்டு வப்பீங்களா?"

"ஏத்தா, சும்மா இரு," என்று பக்கத்து அண்ணன் என் கையைப் பிடித்து இழுத்தார். சேதம் இல்லை என்று எழுதிவிட்டு அதிகாரி போய்விட்டார்.

அண்ணனுக்குப் பணம் வந்தது. எங்கள் வீட்டு வாசலில் நின்று அவர் சொன்னார்: "போத்திப் படுத்துக் கெடந்தவனுக்குப் பணம். முதுகொடிய அள்ளுனவங்களுக்கு நாமம். நான் வெள்ளனே எந்திரிச்சிருந்தா எனக்கும் நாமந்தான்த்தா." அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர்மேல் கோபமும் இல்லை. அந்தப் பணம் அப்படியே அவருடைய மண்டிக்கடனுக்குத்தான் போனது.

தையில் மண்டிக்காரரின் ஆள் வந்து குதிரையை அவிழ்த்துக்கொண்டு போனான். பங்குனியில் பூண்டு நன்றாகவே விளைந்தது. சுமக்கக் குதிரை இல்லை. வயலுக்கே வந்த வியாபாரி கேட்ட விலைக்குக் கொடுத்தோம். அந்தக் காசில் இன்னொரு குதிரை வாங்க முடியவில்லை.

அடுத்த வருஷ மழையிலும் கிழங்கு அழுகியது. என் வீட்டுக்காரர் மண்வெட்டியை எடுத்தார்.

"வைங்க அத. அதிகாரி வந்து பாக்கட்டும். நாறட்டும்."

"கீழ்வயக்காரன் என்னடி பாவம் பண்ணான்?" என்று கேட்டுவிட்டு அவர் தனியாக இறங்கித் தோண்ட ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். பிறகு அந்த அதிகாரியை வாயாரத் திட்டிக்கொண்டே நானும் கூடையோடு இறங்கினேன்.