மோகனூர்ப் பரிசல்துறை

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அப்பா சாமியாராகப் போகப் பார்த்தார். தடுத்தது நான்தான். அந்தப் பெருமை எனக்கு வெகுநாள் இருந்தது.

அதற்கு முந்தின ஐப்பசியில் என் தம்பி காய்ச்சலில் போய்விட்டான். அம்மா அழுதுகொண்டே அப்பாவின் பக்கத்தில் போய் உட்காருவாள். அவரோ முருகன் படத்துக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டிருப்பார். அவள் தோளைத் தொட்டால்கூடத் திரும்ப மாட்டார். காட்டில் சோளம் முற்றிக் கிடந்தது. அறுக்க ஆள் கூப்பிடவில்லை.

தை பிறந்ததும், மோகனூரில் காவிரியில் முழுகி முருகனைக் கும்பிட்டு வருவதாகச் சொன்னார். அவர் மூட்டையில் காவி வேட்டி இருந்ததை அம்மா பார்த்துவிட்டாள். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குத் தலை வாரிவிட்டு, பிள்ளையும் முழுகட்டும், கூட்டிப் போங்கள் என்றாள். பிறகு என் காதருகே குனிந்து, "அப்பா கையை உட்றாதே சாமி" என்றாள்.

ஆற்றில் தண்ணீர் நிறையப் போயிற்று. துறையில் நின்ற பரிசலில் ஏழெட்டுப் பேர் ஏறியிருந்தார்கள். அவர்களில் தாடி வைத்த சாமியார் ஒருவர் அப்பாவைக் கண்டதும் நகர்ந்து இடம் விட்டார். அங்கே எங்களூர் வண்டிக்காரர் ஒருவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் அப்பா, பிள்ளையை வீட்டில் விட்டுவிடச் சொன்னார். என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

நான் இரண்டு கையாலும் அவர் கையைப் பற்றிக்கொண்டேன். அவர் அதட்டவில்லை. என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

"ஏனுங்க, ஏறுறீங்களா இல்லீங்களா?" பரிசல்காரர் துடுப்பை எடுத்துவிட்டார்.

இரண்டே விரல்கள் மிச்சமிருந்தபோது, யாரும் சொல்லித்தராத ஒன்று என் வாயில் வந்தது.

"நீங்க வரலீன்னா கெணத்துல உழுந்துருவேன்னு அம்மா சொன்னாங்க."

அப்பாவின் கை அப்படியே நின்றுவிட்டது. பரிசல் கிளம்பிப் போயிற்று. அது அக்கரை சேரும்வரை முழங்கால் தண்ணீரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நானும் நின்றேன். அவர் இனி என்ன செய்வாரோ என்று அவர் கையை விடவேயில்லை.

வண்டியில் திரும்பும்போது ஒரே தடவை கேட்டார். "நெசமா அப்புடிச் சொன்னாளா?"

தலையாட்டினேன். அதன்பின் அதை அவர் என்னிடமும் கேட்கவில்லை, அம்மாவிடமும் கேட்கவில்லை.

பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டோம். அம்மா ஓடிவந்து அவர் தோளிலிருந்த மூட்டையை வாங்கிக்கொண்டாள். சுடச்சுடச் சோறு போட்டாள். அவர் கால் கழுவி வந்து உட்கார்ந்து, போட்டதையெல்லாம் சாப்பிட்டார். நாளைக்குச் சோளம் அறுக்க ஆள் சொல்ல வேண்டும் என்றார். முருகன் படத்தின் பக்கம் அவர் திரும்பவேயில்லை. அம்மாவின் பக்கமும்தான்.

அவள் எதிரில் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். ஆள்தான் வந்துவிட்டாரே, இன்னும் எதற்கு அழுகிறாள் என்று எனக்கு அவள்மேல் கோபமாக வந்தது.