ஜெர்மனி அத்தான் வீட்டில் நான்கு நாள்

வியாழன், பகல் 11.40

திருச்சியிலிருந்து கோலாலம்பூர், அங்கிருந்து யாங்கூன், அதாவது பழைய ரங்கூன். போக வர ஆளுக்கு முப்பத்தோராயிரத்து நானூறு ரூபாய். விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் நின்று கைக்கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்தேன். தலையை நிமிர்த்தினால் என் மனைவி கோமதி ஓடிக்கொண்டிருக்கிறாள். வயது ஐம்பத்தெட்டு, இரண்டு முழங்காலிலும் வலி, நாலு படி ஏறுவதற்கு என் தோளைப் பிடிக்கிறவள். "அத்தான்!" என்று கத்திக்கொண்டு ஓடுகிறாள்.

முப்பத்தேழு வருடமாக என்னை அவள் கூப்பிடுவது 'என்னங்க'. அந்த 'என்னங்க'வுக்காக அவள் ஓடி நான் பார்த்ததில்லை.

அத்தான் என்பவர் சண்முகம். கோமதியின் அத்தை மகன், முறை மாப்பிள்ளை. அறுபதுகளில் பர்மாவை விட்டுக் கப்பலேறி வந்தவர்களில் கோமதியின் அப்பாவும் ஒருவர். அவருடைய அக்கா குடும்பம் ரங்கூனிலேயே தங்கிவிட்டது. கோமதியைச் சண்முகத்துக்குத்தான் கொடுப்பதாக இரண்டு வீட்டிலும் கடிதத்திலேயே பேசி முடித்திருந்தார்களாம். அந்த நேரம் பார்த்து, அரசாங்க அச்சகத்தில் வேலை செய்த மாப்பிள்ளையைப் பயிற்சிக்காகக் கிழக்கு ஜெர்மனிக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்று வருடம் யார் காத்திருப்பது? பக்கத்துத் தெருவில் எம்.ஏ. வரலாறு முடித்துவிட்டு நான் இருந்தேன். என்னைக் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

இதிலே இன்னொரு கொடுமை உண்டு. கல்லூரியில் நான் முப்பத்தொரு வருடமாக நடத்துகிற பாடம் ஜெர்மானிய வரலாறு. 1871ல் நாடு ஒன்றானது முதல் பெர்லின் சுவர் விழுந்தது வரை, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஜெர்மனியை நான் கண்ணால் பார்த்ததில்லை. இந்த மனிதர் பார்த்திருக்கிறார்.

என் கைப்பையில் ஒரு கடிதம் இருந்தது. சண்முகத்தின் ஒரே மகள் மாலதிக்கு எங்கள் கல்லூரியில் பி.ஏ. வரலாறு முதலாமாண்டில் இடம் கொடுத்து முதல்வர் கையெழுத்திட்ட கடிதம். அது இருந்தால்தான் அந்தப் பெண் இந்தியாவுக்கு மாணவர் விசா கேட்க முடியும். அவளுக்கு இருபத்தொரு வயது. கட்டாய ராணுவ சேவைக்கான பட்டியலில் இப்போது பெண்களின் பெயரையும் எழுதுகிறார்கள். தன் பெயர் கூப்பிடப்படும் முன் அவள் கிளம்பியாக வேண்டும். வந்து இறங்கியதும் கடிதத்தைக் கொடுத்துவிடுங்கள் என்று கோமதி வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அந்த 'அத்தான்' காதில் விழுந்ததும் பையின் ஜிப்பை இழுத்து மூடினேன். கேட்கட்டும், கேட்டால் கொடுக்கலாம் என்று தோன்றியது.

டாக்சிக்கு முப்பத்தையாயிரம் கியாத். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம் பணத்துக்கு எழுநூறு ரூபாய்தான் என்று அப்பாவோடு வந்திருந்த மாலதி சிரித்தாள். ஓட்டுநர் என்னைக் கண்ணாடியில் பார்த்து பர்மிய மொழியில் ஏதோ கேட்டார்.

"நீங்க அப்பாவோட தம்பியான்னு கேக்குறாரு, சித்தப்பா."

"ஆமாண்டு சொல்லு," என்றார் சண்முகம். "வாங்க தம்பி, பயணமெல்லாம் சொகமா இருந்துச்சா?"

என்னை விட இரண்டே வயது மூத்தவர். தம்பியாம்! முறைப்படி சரிதான், ஆனாலும் கடுப்பாக இருந்தது.

மிங்கலா தாங்ஞுன்ட் பகுதிக்குப் பதினைந்து கிலோமீட்டர், ஒரு மணி பத்து நிமிடம். ரயில் பாதையை ஒட்டிய பழைய கட்டடத்தில் நாலாவது மாடி. மின்தூக்கி கிடையாது. ஒவ்வொரு வீட்டு பால்கனியிலிருந்தும் ஒரு கயிறு தெருவரை தொங்குகிறது, நுனியில் கவ்வியோடு. கீழே நிற்கிறவர் இழுத்தால் மேலே மணி அடிக்கும். பேப்பரோ, காய்கறிப் பையோ கவ்வியில் மாட்டிவிட்டால் மேலே போய்விடும். கோமதிக்கு அப்படி ஒரு வழி இல்லாததால் படியில் ஏற வேண்டியிருந்தது. பிடித்துக்கொண்டது என் தோளைத்தான். சும்மா சொல்லக் கூடாது, அந்த நாலு மாடியும் எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

வெள்ளி, காலை 7.00

காலைச் சாப்பாடு மொயிங்கா. மீன் குழம்பில் நூடுல்ஸ், கிண்ணம் மூவாயிரம் கியாத். தெருமுனைத் தேநீர்க் கடையில் முக்காலி உயர பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். போகிறவர் வருகிறவர் எல்லோரும் சண்முகத்துக்குத் தலையசைக்கிறார்கள். 'ஊ' என்றால் பெரியவர்களுக்கு இங்கே போடும் மரியாதை என்று எனக்குத் தெரியும். அதற்கு முன்னால் ஏதோ சேர்த்துச் சொல்கிறார்களே என்று மாலதியிடம் கேட்டேன்.

"அதுவா? ஜெர்மனின்னு சொல்றாங்க. 'ஜெர்மனி ஊ மியின்ட்'. இந்தப் பேட்டைல அப்பாவுக்கு அதான் பேரு."

எனக்கு வயிறு எரிந்தது. முப்பத்தொரு வருடம் மூச்சு முட்ட நடத்தியவன் நான். என்னை ஒரு பயலாவது 'ஜெர்மனி' என்று கூப்பிட்டிருப்பானா? மாணவர்கள் எனக்கு வைத்த பெயர் 'சாக்பீஸ்'.

மாலதி எழுந்தாள். லைங் தாயாவில் ஒரு தையல் ஆலையில் எழுத்தர் வேலை. ஆலை பஸ்ஸை இவர்கள் 'ஃபெரி' என்கிறார்கள். அது வந்து நின்றுவிட்டது.

"எங்க பேக்டரி சட்டை எல்லாம் ஜெர்மனிக்குத்தான் போவுது, சித்தப்பா," என்று சொல்லிவிட்டு ஓடினாள். சட்டைகூடப் போகிறது.

பத்து மணிக்கு பபேடானுக்குப் போனோம். பஸ்ஸுக்கு ஆளுக்கு நானூறு கியாத். ஒரே தெருவில் மசூதி, கோயில், பருப்பு மண்டி, பிரியாணிக் கடை, மூக்குக் கண்ணாடிக் கடை. சண்முகத்தின் அச்சுக்கூடம் ஒரு சந்துக்குள் இருக்கிறது. பலகையில் பர்மிய எழுத்து. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். "ஊ மியின்ட் அச்சுக்கூடம்," என்றார். தமிழ்ப் பெயர் கோயிலுக்கும் வீட்டுக்கும், பர்மியப் பெயர் காகிதத்துக்கும். இங்கே எல்லோருக்கும் அப்படித்தான் இரண்டு பெயர் என்று சொன்னார். கேட்டுவிட்டுத் தலையாட்டினேன். அந்த இடத்தில் என் மூளை வேலை செய்திருக்க வேண்டும்.

மூளை வேறு வேலையாக இருந்தது. அவரை மடக்க வேண்டும்.

"அண்ணே, ஜெர்மனி எந்த வருஷம் ஒண்ணாச்சு? முதல் தடவை?"

"தெரியாதுங்களே தம்பி."

"முதல் உலகப்போருக்குப் பிறகு எந்த ஊர்ல உட்கார்ந்து அரசியல் சட்டம் எழுதினாங்க?"

"அதுவும் தெரியாது. உருளக்கிழங்கு நல்லா இருக்கும் அங்க. சலிக்காம திம்பாங்க."

எனக்குத் தெம்பாக இருந்தது. இரண்டு விடையையும் நானே சொல்லி, கால் மணி நேரம் விளக்கமும் கொடுத்தேன். அவர் மை படிந்த கையைத் துடைத்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி கேட்டார். "எம்மாம் விசயம் வச்சிருக்கீங்க!" என்றார். பக்கத்தில் நின்ற கோமதி அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பொசுக்கென்று ஆகிவிட்டது.

அன்று சாயங்காலம் அவள் தனியாகக் கேட்டாள்: "லெட்டரைக் குடுத்திட்டீங்கள்ல?"

"குடுத்தாச்சு குடுத்தாச்சு," என்றேன்.

அவர் இன்னும் கேட்கவில்லை. என்ன திமிர், வாய் திறந்து கேட்டால் குறைந்தா போய்விடுவார் என்று எனக்குக் கோபம்.

சனி, பிற்பகல் 3.15

மறுநாள் காலை எங்களுக்கு விமானம். மின்சாரம் போய்விட்டது, எட்டு மணி நேரம் வராது. பால்கனியில் நாலு பேரும் விசிறியோடு உட்கார்ந்திருந்தோம். ஊரைச் சுற்றி வரும் வட்ட ரயில் ஒன்று தடதடவென்று போனது. நான் கடைசி அம்பை எடுத்தேன். அவர் இருந்த ஊர் லைப்சிக். 1989 அக்டோபர் ஒன்பதாம் தேதி திங்கட்கிழமை, அந்த ஊரில் எழுபதாயிரம் பேர் அரசாங்கத்தை எதிர்த்து ஊர்வலம் போனார்கள். ராணுவம் தயாராக நின்றது, ஆனால் சுடவில்லை. அடுத்த மாதம் சுவரே விழுந்துவிட்டது. வகுப்பில் நான் அந்தரத்தில் பறந்து நடத்துகிற பாடம் அதுதான்.

"அந்த ஊர்வலத்துல நீங்க இருந்தீங்களா, அண்ணே?"

இருந்தேன் என்று சொன்னால் செத்தேன் என்றுதான் நினைத்தேன்.

"இல்ல தம்பி. கட்டிலுக்கு அடியில கெடந்தேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

"மத்தியானமே எங்க போர்மேன் வந்து, யாரும் டவுனுக்குப் போவாதீங்க, இன்னிக்குச் சுடுவாங்கன்னாரு. ஆசுபத்திரில ரத்தம் சேத்து வைக்கிறாங்கண்டு பேச்சு. எனக்கு அதுக்கு மேல கேக்க முடியல. அதுக்கு முந்தின வருசம் ஆகஸ்ட்லதான் இங்க என் தம்பி முருகேசன் ஊர்வலம் போனான். பத்தொம்பது வயசு. அந்தா, அந்தப் பாலத்துக்கிட்டதான் சுட்டாங்க."

விசிறியால் காட்டினார். நாங்கள் இரண்டு நாளாக நடந்து போய்வந்த பாலம்.

"எனக்குக் கடுதாசி ஒன்றரை மாசம் கழிச்சு லைப்சிக்குக்கு வந்துச்சு. அதனால அன்னிக்குக் காதப் பொத்திக்கிட்டுக் கெடந்தேன். இப்ப வெடிக்கும், இப்ப வெடிக்கும்னு. வெடிக்கவே இல்ல. மறுநா காலையில ஏழு மணி ஷிப்டுக்குப் போறேன், எல்லாரும் வந்திருக்காங்க தம்பி! ஊர்வலம் போன ஆளு அத்தன பேரும் வந்து, காப்பி குடிச்சுக்கிட்டு சிரிக்கிறாங்க. போர்மேன் பேரு கூப்பிடுறாரு, ஒவ்வொருத்தனா 'யா', 'யா'ங்குறான். ஒருத்தன் கொறயல. எனக்குச் சந்தோசம் வரணும்ல? வரல. வயிறு பத்திக்கிட்டு எரிஞ்சுச்சு. மெசினுக்குப் பின்னால போயி அழுதேன். ஒங்களுக்கு மட்டும் ஏன்டா சுடல? ஒங்க தம்பிங்க எல்லாம் வீட்டுக்கு வந்துட்டாங்களேடா! அந்த மாரி பொறாம நான் அதுக்கு முன்னயும் பட்டதில்ல, பின்னயும் பட்டதில்ல. இன்னும் போவல."

கோமதி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவர் மாலதியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், எதையோ கேட்க வந்து வாயை மூடிக்கொண்டார்.

"அப்பாவுக்கு 'ஆனாடே', சித்தப்பா," என்றாள் மாலதி மெதுவாக. "தமிழ்ல எப்டி சொல்றது? கேட்டா ஒங்களுக்குச் சங்கடமாயிடும்னு கேக்காம இருக்கறது. இங்க எல்லாரும் அப்டித்தான். விருந்தாளிகிட்ட கேக்கவே மாட்டாங்க. மூணு நாளா எங்கிட்டதான் கேட்டுக்கிட்டு இருக்காரு, தம்பி ஏதாச்சும் சொன்னாரான்னு."

எழுந்து உள்ளே போய்க் கடிதத்தை எடுத்து வந்தேன். கோமதி என்னைப் பார்த்த பார்வையை எழுத மாட்டேன்.

மாலதி உறையைப் பிரித்துப் படித்தாள். முகம் மலர்ந்தது. பிறகு மறுபடியும் படித்தாள்.

"சித்தப்பா, இதுல மாலதின்னு இருக்கே."

"ஆமாம்மா. உன் பேர்தானே?"

அவள் பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்து திறந்து காட்டினாள். தின்ஸா வின். அப்பா பெயர் ஊ மியின்ட். மாலதியோ சண்முகமோ அதில் எங்கேயும் இல்லை. கோமதிக்குத் தெரிந்த பெயரைக் கோமதி சொன்னாள், நான் எழுதிக் கொடுத்தேன், முதல்வர் கையெழுத்துப் போட்டார். விசா மனு கொடுக்க அவளுக்குக் கிடைத்திருந்த நேரம் திங்கட்கிழமை காலை ஒன்பதரை.

கல்லூரி அலுவலகக் கண்காணிப்பாளருக்குப் போன் போட்டேன். கரூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் இருந்தார், நாதஸ்வரச் சத்தத்துக்கு நடுவே கத்தினார்: "நேத்து சொல்லியிருக்கக் கூடாதா சார்? அரை மணி நேர வேலை. இனிமே திங்கக்கிழமை பத்து மணிக்குத்தான்."

நேற்று நான் பபேடானில் நின்று சண்முகத்துக்கு அரசியல் சட்டம் எழுதிய ஊரைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சண்முகத்திடம் சொன்னேன். கடிதம் வியாழக்கிழமையே பையில் இருந்தது, கொடுக்க மனம் வரவில்லை, கோமதி உங்களை அத்தான் என்றது பொறுக்கவில்லை என்று சொன்னேன். அவர் பாஸ்போர்ட்டை மூடி மாலதியிடம் கொடுத்தார்.

"வேற தேதி கேப்போம் தம்பி," என்றார். என் கையைப் பிடிக்கவும் இல்லை, உதறவும் இல்லை.

ஞாயிறு, காலை 10.20

விமான நிலையம். என் பாஸ்போர்ட்டை அதிகாரி இரண்டு நிமிடத்தில் முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார். திரும்பிப் பார்த்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாலதி நின்றுகொண்டு, என் கையிலிருந்த பாஸ்போர்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விமானத்தில் கோமதி ஒரே ஒரு தடவை பேசினாள். "முப்பத்தேழு வருஷமா இந்தக் கருமத்தையா மனசுல வச்சிக்கிட்டு என்கூடக் குடும்பம் நடத்தினீங்க?"

திருச்சி, வியாழன்

திங்கட்கிழமை காலை பத்து பத்துக்குத் திருத்திய கடிதம் மின்னஞ்சலில் போய்விட்டது. யாங்கூனில் அப்போது மணி பதினொன்று பத்து. மாலதிக்கு அடுத்த தேதி மூன்று வாரம் கழித்துக் கிடைத்திருக்கிறது. அதற்குள் ராணுவத்துக்குக் கூப்பிட வட்ட அலுவலகத்திலிருந்து ஆள் வராமல் இருக்க வேண்டும். தினமும் காலையில் கோமதி போனை எடுத்துப் பார்க்கிறாள். நான் அவள் முகத்தைப் பார்க்கிறேன்.

இடம் கொடுத்தாயிற்று என்பதால் வருகைப் பதிவேட்டில் மாலதியின் பாஸ்போர்ட் பெயர் ஏறிவிட்டது. ஐம்பத்திரண்டாவது பெயர், கடைசி. இன்று முதலாமாண்டு வகுப்பில் பெயர் கூப்பிட்டேன். ஒவ்வொருவராக "உள்ளேன் ஐயா" என்றார்கள். ஐம்பத்தொரு பேரும் வந்திருந்தார்கள், ஒருவர் குறையவில்லை.

"தின்ஸா வின்," என்றேன்.

வகுப்பு திரும்பித் திரும்பிப் பார்த்தது. "யார் சார் அது?" என்று முன்வரிசைப் பெண் கேட்டாள். வருவாள் என்றேன். வராதவர்களுக்குச் சிவப்பு மையில் குறி போடுவது வழக்கம். பேனாவை எடுத்தேன், மூடி வைத்தேன். அந்தக் கட்டத்தை அப்படியே விட்டிருக்கிறேன்.