டப்பாக்காரர் நலம் விசாரித்த பிள்ளை

புதுப் பால்மாவு டப்பாவின் மூடிக்கடியில் கரண்டிக் காம்பைக் கொடுத்து நெம்பினால், 'டொப்'பென்ற சத்தத்தோடு லேசான இனிப்பாக ஒரு மணம் கிளம்பி வருமே, அது எங்கள் தெருவில் வேறு எதற்கும் கிடையாது. திண்டுக்கல்லில் நாங்கள் குடியிருந்தது தோல் பதனிடும் கொட்டகைகளை ஒட்டிய தெரு; "தோல்ஷாப்பு" என்போம். சுண்ணாம்பும் ஆவாரம்பட்டையும் ஊறின தோலும் கலந்த அந்த வாடை சோற்றில் வரும், தலையணையில் வரும், கிணற்றுத் தண்ணீரிலும் வரும். அந்த வாடைக்கு நடுவில் இப்படி ஒரு மணத்தைச் சைக்கிளில் கொண்டுவந்தவர்தான் "டப்பாக்காரர்".

அவர் ஒரு பால்மாவுக் கம்பெனியின் ஏஜெண்ட். சொந்தப் பெயர் என்னவென்று எங்கள் தெருவில் ஒருவரும் கேட்டதில்லை. ஆனால் அவருக்கு எங்கள் எல்லோர் பெயரும் அத்துப்படி. நான் எந்த வகுப்பு, அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, இருமல் நின்றதா, எதையும் மறக்க மாட்டார். என் தம்பி அன்வர் பிறந்த நாற்பதாம் நாள், மருத்துவச்சியிடம் விசாரித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். எங்கள் தெருப் பெண்கள் வெளி ஆண்கள் முன்னால் வர மாட்டார்கள். வாசலில் திரை தொங்கும், அம்மா அதற்குப் பின்னால் நின்று பேசுவாள், சாமானை வாங்கிக் கொடுக்க இடையில் நான். "சின்ன முதலாளி பேரென்னம்மா?" என்று கேட்டு எழுதிக்கொண்டு, கொழுகொழுவென்று குழந்தைப் படம் போட்ட டப்பா ஒன்றை இனாமாகக் கொடுத்துவிட்டுப் போனார். எனக்குப் பால் இல்லையா என்ன என்று அம்மா முதலில் முகத்தைச் சுளித்தாள். அத்தாவுக்குத்தான் பெருமை தாங்கவில்லை. தோல்ஷாப்பில் தோல் தரம் பிரிக்கிறவர் வீட்டுப் பிள்ளையும் பெரிய வீட்டுப் பிள்ளைகள் குடிக்கிற "டப்பாப்பால்" குடிக்கிறது என்றால் சும்மாவா?

ஒரு வயது முடிவதற்குள் அன்வர் வயிற்றுப்போக்கில் போய்விட்டான். பாலா, புட்டியா, கிணற்றுத் தண்ணீரா, எதனால் என்று எங்களுக்குச் சொன்னவர் யாருமில்லை, கேட்கும் தைரியமும் எங்களுக்கு இல்லை. ஆண்கள் அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பெண்கள் கபர்ஸ்தானுக்குப் போவதில்லை என்பதால் அவனை வைத்த இடத்தைக்கூட அம்மா பார்க்கவில்லை. "மூணு நாளைக்கு மேல அழுதா அல்லாகூட சண்டை போடுற மாதிரிம்மா, பொறுமையா இரு" என்றார் பெரியம்மா. தொட்டிலை அவிழ்த்தார்கள், புட்டியை எங்கோ ஒளித்தார்கள், அம்மா மனம் நோகக் கூடாதென்று அவன் பெயரையே அத்தனை பேரும் விழுங்கிவிட்டார்கள். நல்ல இரக்கம்! அம்மா அழவில்லை, பேச்சையும் விட்டுவிட்டாள், கேட்டதற்குத் தலையாட்டுவதோடு சரி.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் சைக்கிள் மணி அடித்தது. கையில் அன்வர் பெயர் எழுதிய, ரோஜாப்பூப் படம் போட்ட வாழ்த்து அட்டையோடு டப்பாக்காரர் நின்றார். "சின்ன முதலாளிக்கு இன்னிக்கு ஒரு வயசும்மா! கம்பெனி வாழ்த்து அனுப்பிருக்கு. அன்வர் எப்படி இருக்காரு? நடக்குறாரா?"

நான் திரையைத் திரும்பிப் பார்த்தேன்.

"நடக்குறான்ணே" என்றது அம்மாவின் குரல். "சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நாலடி வைக்கிறான்."

எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அம்மா பேசியது அதுதான். அன்று ஒரு டப்பாவும் வாங்கினாள், அவர் தெருமுனை திரும்பியதும் அதைப் பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைக்குக் கொடுத்துவிட்டாள். தெருவுக்கே விஷயம் தெரியும். ஆனால் அவரிடம் யாரும் மூச்சு விடவில்லை. அவர்களையும் குறை சொல்ல மாட்டேன். அம்மா இப்படிப் பேசுவது அத்தாவுக்கு மட்டும் தெரியாது, அவர் அந்த நேரத்தில் தோல்ஷாப்பில் இருப்பார். வருஷா வருஷம் அந்த நாளில் அம்மா காலையிலேயே குளித்துத் துணி மாற்றித் திரைக்குப் பின்னால் நின்றுவிடுவாள். பல் முளைத்த கதை, கீழே விழுந்து முட்டியைப் பேர்த்துக்கொண்ட கதை, "வெஞ்சனம் இல்லாம ஒரு வாய் இறங்க மாட்டேங்குதுண்ணே அவனுக்கு" என்ற புகார், எல்லாம் அவள் வாயிலிருந்து தடங்கலின்றி வரும். டப்பாக்காரர் சிரித்துக்கொண்டே கேட்பார். அவருக்கு அது பிழைப்பு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவர் கேட்டார்.

ஒரு நாள் அத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு கடைத்தெருவில் போகும்போது டப்பாக்காரர் சைக்கிளை விட்டு இறங்கி, "என்ன பாய், அன்வரைப் பள்ளிக்கூடத்துல எப்பச் சேக்குறீங்க?" என்றார். அத்தாவின் பிடி என் விரல்களை நெரித்தது. போச்சு, இன்றைக்கு வீட்டில் பெரிய சண்டை என்று நான் பயந்தேன். அத்தா, "வார வருஷம் சேக்கணும்" என்றார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அதைப் பற்றி அவர் கேட்கவே இல்லை.

அன்வருக்கு ஐந்து வயது ஆகியிருக்க வேண்டிய நாளில் டப்பாக்காரர் தனியாக வரவில்லை, கூடவே ஒரு போட்டோக்காரர், முக்காலியும் கறுப்புத் துணியுமாக. தங்கள் பால் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் படத்தைக் கம்பெனி காலண்டரில் போடப் போகிறதாம், இந்த ஊரிலிருந்து அவர் கொடுத்த பெயர் எங்கள் அன்வராம். "இதோட அட்டை நின்னுரும்மா, அஞ்சு வயசு வரைக்குந்தான் கம்பெனிக் கணக்கு. அதான் ஒரு நல்லது செய்யலாம்னு. சின்ன முதலாளிய வெளிய அனுப்புங்க!"

"வெளையாடப் போயிருக்கான்" என்றாள் அம்மா திரைக்குப் பின்னாலிருந்து. "வரட்டும், இருக்கோம்" என்று அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். போட்டோக்காரர் நிழல் விழும் பக்கம் பார்த்து முக்காலியை நகர்த்திக்கொண்டிருந்தார். நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது விலகியது. ஒரு வெளி ஆள் முன்னால் அம்மா வந்து நின்றதை என் ஆயுளில் அன்றுதான் பார்த்தேன்.

"அவன் வரமாட்டான்ணே. ஒரு வயசு முடியுறதுக்குள்ளயே மவுத்தாயிட்டான்."

டப்பாக்காரர் எழுந்து நின்றார். "ஏம்மா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருந்தா வந்திருப்பீங்களா? இந்த ஊர்ல அவன் பேரைச் சொல்லிக் கேக்குறது நீங்க ஒருத்தர்தாண்ணே."

அவர்கள் போன பிறகு அம்மா அழுதாள் பாருங்கள், தெருவே கூடிவிட்டது. பெரியம்மா வழக்கம்போலப் பொறுமையைப் பற்றி ஆரம்பித்தார். தோல்ஷாப்பிலிருந்து ஓடிவந்த அத்தா, "அழட்டும், விடுங்க" என்று ஒரு அதட்டல் போட்டார். அடுத்த வருஷம் அதே நாளில் அம்மா திரைக்குப் பின்னால் போய் நின்றாள். பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லும்வரை நின்றுவிட்டு, "அவருக்கு என்ன ஜோலியோ" என்றபடி உள்ளே போனாள். டப்பாக்காரர் அதற்குப் பிறகு எங்கள் தெருப்பக்கமே வரவில்லை.

அந்தத் தெருவில் இன்று திரைகள் இல்லை, இரும்புக் கதவுகள். அம்மா, அத்தா, பெரியம்மா எல்லோரும் போய்ச் சேர்ந்தாயிற்று. நலம் விசாரிக்க யாரும் சைக்கிளில் வருவதில்லை. துணிக்கடையும் நகைக்கடையும் பிறந்த நாளுக்கு என் போனில் வாழ்த்து அனுப்புகின்றன, பதிலுக்கு அவை காத்திருப்பதில்லை. என் பேரன் ஒரு பெரிய கம்பெனியில் பிராண்டு மேனேஜர். போன பெருநாளைக்கு வந்திருந்தபோது தன் வேலையைப் பற்றி மணிக்கணக்காகச் சொன்னான். "வாங்குறவங்களுக்கு நாம வீட்டு ஆள் மாதிரி ஆயிரணும் நன்னி. பேரு, பிறந்த நாள், பிள்ளைங்க, எல்லாம் நமக்குத் தெரிஞ்சிருக்கணும்."

"அதுல ஒருத்தர் மவுத்தாயிட்டா என்னப்பா செய்வீங்க?" என்று கேட்டேன்.

"தகவல் வந்துச்சுன்னா பேரை எடுத்துருவோம்" என்றான். "அம்புட்டுதான் நன்னி."

அம்மா பயந்தது அதற்குத்தான்.