மகள் வந்த அன்று கட்டிய தோரணம்

என் மகளுக்கு வளைகாப்பு முடிந்து, அவளை எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட நாள் குறித்தபோது பங்குனி வெயில் ஏறியிருந்தது. முதல் பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஆனால் என் சம்பந்தியம்மாவுக்கு அதில் அரை மனசுதான்.

"உங்க வீட்ல யாரு இருக்கா மதினி? அண்ணன் லாரி ஏறிட்டா வார நாளு தெரியாது. நீங்களும் வேலைக்குப் போயிருவீங்க. புள்ள ஒத்தையில கெடக்கணும்" என்று வளைகாப்புப் பந்தலிலேயே நாலு பேர் காதில் விழும்படி சொன்னார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். பிரசவம் வரைக்கும் கடையில் லீவு கேட்டு வாங்கிவிட்டேன் என்பதைக்கூட அந்தக் கூட்டத்தில் என்னால் சொல்ல முடியவில்லை. எனக்குப் பேச்சு எப்போதும் வீட்டுக்கு வந்த பிறகுதான் வரும்.

சிம்மக்கல்லில் ஒரு மொத்தக் கடையில் மிளகாய் வத்தலுக்குக் காம்பு கிள்ளுகிற வேலை எனக்கு. சாயங்காலம் எழுந்தால் இடுப்பு நிமிர நேரம் பிடிக்கும். மகள் வருவதற்கு முந்தைய நாளும் வேலைக்குப் போயிருந்தேன். வரும் வழியில் பூக்காரம்மாவிடம் ஒரு கட்டு மாவிலை வாங்கிக்கொண்டு ஆனையூர் பஸ் ஏறினேன். பஸ்ஸில் நிற்கத்தான் இடம். கட்டை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தேன். வீட்டுக்கு வந்ததும் அதை ஒரு மூலையில் வைத்துவிட்டு அப்படியே படுத்தவள்தான். தண்ணீர் தெளித்து வைத்திருக்க வேண்டும். அதற்குக்கூடத் தெம்பில்லை.

காலையில் பிரித்துப் பார்த்தால் பாதி இலை மடங்கிக் கறுத்துக் கிடந்தது. மீதிப் பாதி சுருண்டுவிட்டது. கயிறும் ஈர்க்குச்சியும் தயாராக இருந்தன. இலையின் நுனியை மடித்து ஈர்க்குச்சியால் குத்தினால், மடித்த இடத்திலேயே இலை கிழிந்தது. பிள்ளைத்தாய்ச்சி முதன்முதலாக வருகிற வாசலில் அதைத் தொங்கவிட மனம் வரவில்லை.

இரண்டு தெரு தள்ளி ஒரு மாடி வீட்டில் மாமரம் உண்டு. அங்கே போய் கேட் முன்னால் நின்றேன். உள்ளே யாரோ போனில் பேசிக்கொண்டிருந்தார்கள். பேசி முடிக்கட்டும், கூப்பிடலாம் என்று காத்திருந்தேன். அவர்கள் முடிப்பதாக இல்லை. காம்பவுண்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கிளையும் எனக்கு எட்டாத உயரம். எட்டினாலும் கேட்காமல் ஒடிக்கக் கை வந்திருக்காது. திரும்பிவிட்டேன்.

எங்கள் தெருமுனையில் வேப்பமரம். பங்குனியில் அது துளிர்த்துப் பளபளவென்று நிற்கும். யாரையும் கேட்க வேண்டியதில்லை. கை நிறைய ஒடித்துக்கொண்டு வந்தேன். கயிற்றின் முறுக்கைப் பிரித்து, இரண்டிரண்டு கொத்தாகச் செருகிக்கொண்டே போனேன். செருகச் செருக அடர்த்தியாக, பச்சையாக வந்தது. ஸ்டூலில் ஏறி நிலையின் இரண்டு பக்கமும் கட்டினேன். கடைசியில் இரண்டு ஓரத்திலும் பக்கத்துக்கொரு பெரிய கொத்தாகத் தொங்கவிட்டேன். இறங்கி நின்று பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது.

வெயிலில் வருகிறவர்கள் கால் கழுவ ஒரு சருவச்சட்டியில் தண்ணீர் வைத்தேன். வெறும் தண்ணீராக ஏன் வைக்க வேண்டும் என்று மஞ்சள்தூள் கலந்தேன். மிஞ்சிய வேப்பிலையை அதில் மிதக்கவிட்டேன். ஒவ்வொன்றையும் ஒரு காரணத்தோடுதான் செய்தேன். எல்லாம் சேர்ந்து என்ன சொல்கிறது என்று பார்க்கும் நிலையில் நான் இல்லை. தண்ணீர் கேன் போடுகிறவர் அன்றைக்கு உள்ளே வராமல் கேனைத் தெருவிலேயே வைத்துவிட்டுப் போனார். ஏதோ அவசரம் என்று நினைத்துக்கொண்டு நானே அதை உருட்டி உள்ளே கொண்டுவந்தேன்.

சோறு வடித்தாயிற்று. சாம்பார், கத்தரிக்காய்க் கூட்டு, ரசம் எல்லாம் இறக்கியாயிற்று. தாளிப்பை மட்டும் அவர்கள் வந்த பிறகு சூடாகச் செய்யலாம் என்று விட்டிருந்தேன்.

ஆட்டோ வந்து நின்றது. சத்தம் கேட்டு முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே ஓடினேன். மகள் கை நிறைய வளையலோடு ஒரு காலைக் கீழே வைத்திருந்தாள். சம்பந்தியம்மா அவள் தோளைப் பிடித்து உள்ளே இழுத்தார்.

"ஏறு, ஏறு. எறங்காத."

"ஏன் அத்தை?"

"வாசலப் பாருடி."

டிரைவர் எட்டிப் பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "தாயே! அம்மை போட்ட வீடாக்கா? மொதல்லயே சொல்லிருக்கலாம்ல. எனக்கும் வீட்ல சின்னப்புள்ளைக இருக்கு."

அப்போதுதான் நானும் திரும்பி என் வாசலைப் பார்த்தேன். நிலை முழுக்க வேப்பிலை. கீழே வேப்பிலை மிதக்கும் மஞ்சள் தண்ணீர். பங்குனி மாதம். அம்மை கண்ட வீடு எப்படி இருக்குமோ, அப்படியே இருந்தது.

"இல்ல மதினி. அதெல்லாம் யாருக்கும் இல்ல" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"இல்லேன்னா இது என்னத்துக்கு?"

"தோரணம்..."

"வேப்பிலையிலயா தோரணம் கட்டுவாக? மதினி, அவ வரணும்னு உங்களுக்கு ஆசை இருக்கும். நான் இல்லேங்கல. அதுக்காக மறைக்கலாமா? அது என்ன, கழுத்தெல்லாம் செவந்து கெடக்கு? அம்மை உங்களுக்குத்தானா?"

"வேர்க்குரு மதினி."

"இம்புட்டு வேர்க்குருவா?"

டிரைவர் வண்டியை ஸ்டார்ட் செய்தார். "அக்கா, முடிவச் சொல்லுங்க. பஸ் ஸ்டாண்டுக்கே விட்டுரவா?"

மகள் என்னைப் பார்த்தாள். "அம்மா, நல்லா சொல்லும்மா" என்றாள். அவள் கண் கலங்கிவிட்டது. இப்போது திரும்பிப் போனால் சம்பந்தியம்மா மறுபடி அனுப்ப மாட்டார். அவருக்கு இதைவிட நல்ல காரணம் கிடைக்காது. பிரசவத்தன்று நான் பஸ் ஏறிப் போய், அவர்கள் வீட்டில் விருந்தாளியாக ஓர் ஓரத்தில் நிற்க வேண்டியிருக்கும். அது எனக்குத் தெரிந்தது. சொல்ல வேண்டியதும் வரிசையாகத் தெரிந்தது. வாய்தான் வரவில்லை.

விறுவிறுவென்று வீட்டுக்குள் போனேன். கோபித்துக்கொண்டு போவதாக அவர்கள் நினைத்திருக்கலாம். அடுப்பைப் பற்றவைத்து, பெரிய வடைச்சட்டியைப் போட்டு, நல்லெண்ணெயைத் தாராளமாக ஊற்றினேன். கடுகு போட்டேன். அது பொரியத் தொடங்கியதும் உளுந்து, கறிவேப்பிலை, பெருங்காயம் போட்டேன். பிறகு கடையிலிருந்து கொண்டுவந்த குண்டு வத்தலை ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டேன். ஐந்தாறு போதும். கை நிறையத்தான் போட்டேன். அம்மை கண்ட வீட்டில் எண்ணெய்ச் சட்டி ஏறாது, கடுகு வெடிக்காது, தாளிக்கிற வாசம் தெருவரை வராது. அம்மனுக்கு ஆகாது என்று எந்த வீட்டிலும் செய்ய மாட்டார்கள். மகளுக்காகப் பொய் சொல்லலாம். அதற்காக யாரும் தாளிக்கத் துணிய மாட்டார்கள்.

நெடி ஜன்னல் வழியாகப் போயிற்று. எனக்கு அது தினமும் பழகிய நெடி. தெருவில் முதலில் டிரைவர் இருமினார். அடுத்து சம்பந்தியம்மா தும்மினார். விடாமல் தும்மினார்.

"ஆத்தீ! என்ன தாளிப்பு இது! மதினி, போதும், அடுப்ப அணைங்க!"

கரண்டியோடு வாசலுக்கு வந்தேன். அவர் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஆட்டோவிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். டிரைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அம்மை இல்லேன்னு ஒரு வார்த்தை சொன்னாப் பத்தாதாக்கா? எங்கள எல்லாம் கொல்லணுமா?" என்றார்.

"சொன்னேனே" என்றேன்.

"சொன்னாகளா? எங்க சொன்னாக?" என்று சம்பந்தியம்மா டிரைவரிடம் கேட்டார். பிறகு மருமகளின் கையைப் பிடித்து இறக்கினார். சருவச்சட்டியை மட்டும் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, கேன் தண்ணீரைக் கேட்டு வாங்கி அவளுக்குக் கால் கழுவிவிட்டார். நான் ஆரத்தி எடுத்தேன். மகள் உள்ளே வந்ததும் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தாள். இருமிக்கொண்டே சிரித்தாள்.

சாப்பிட்டு முடித்து, வெயில் தாழக் கிளம்பும்போது சம்பந்தியம்மா வாசலில் நின்றார். "உங்க அம்மாவுக்கு வாய் இல்லடி. நீயாவது ஏதாவது வேணும்னா வாய்விட்டுக் கேளு. இல்லேன்னா எனக்குப் போன் போடு" என்று மகளிடம் சொன்னார். என்னிடம், "லீவு போட்டுட்டீகளாம்ல? இவதான் சொன்னா. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்ல மாட்டீகளா மதினி?" என்றார். நான் தலையை ஆட்டினேன்.

அவர் போன பிறகு ஸ்டூலை எடுத்துப் போட்டேன். மகள் உள்ளேயிருந்து, "நாளைக்கு அவுத்துக்கலாம்மா, வந்து படு" என்றாள். முழங்கால் வலித்தது. முடிச்சு இறுகியிருந்தது. அவிழ்க்கத் தெம்பில்லாமல் பல்லால் கடித்து அறுத்துத் தோரணத்தைக் கீழே போட்டேன். பிறகு அவள் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டேன். வாசல் வெறுமையாகவே இருந்தது.