நான்கு பிரதிக்கு நான்கு மார்க்

என் சின்ன அத்தையைப் பல்கலைக்கழகத்தில் நேரில் "மேடம்" என்பார்கள். அவள் அந்தப்பக்கம் திரும்பியதும் "ஸ்கேல்" என்பார்கள். ஆய்வேடுகளை வாங்கும் பிரிவில், ஆறாம் எண் ஜன்னலுக்குப் பின்னால், பத்தொன்பது வருடமாக ஓர் இரும்பு ஸ்கேலோடு உட்கார்ந்திருக்கிறாள். ஐந்தாறு வருடம் தலையைப் பிய்த்துக்கொண்டு எழுதியதை ஒருவர் கொண்டுவந்து வைத்தால், அத்தை முதலில் அளப்பது இடதுபக்க ஓரத்தை. நாலு சென்டிமீட்டர் இருக்க வேண்டும். மூன்றே முக்கால் என்றால் முந்நூறு பக்கமும் வந்த வழியே திரும்பிப் போகும்.

ஆறு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்த நான் பெட்டியை இறக்கியது அத்தை வீட்டில்தான். போன ஊரிலெல்லாம் ஏதாவது ஒரு ஜன்னல் முன்னால் வரிசையில் நின்றவள் நான். உள்பக்கம் உட்காருபவர்கள் வீட்டில் எப்படி இருப்பார்கள் என்று இப்போதுதான் பார்த்தேன். அப்படியேதான் இருக்கிறார்கள். குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தது. பால் பாக்கெட்டை எந்த மூலையில் வெட்ட வேண்டும் என்பது அதில் மூன்றாவது.

அந்த அத்தையும் ஓர் ஆய்வு மாணவி என்பது எனக்கு வந்த பிறகுதான் தெரியும். பகுதிநேரப் பதிவு. தலைப்பு, வரிசையில் காத்திருப்பவர்களின் நடத்தை. தகவல் சேகரித்த இடம், ஆறாம் எண் ஜன்னல்.

"ஆளுங்கள அவளே நிக்க வைப்பா, அவளே எண்ணுவா" என்றார் மாமா. "இந்த வசதி வேற யாருக்கு இருக்கு சொல்லு."

"நீங்க காய் நறுக்குங்க" என்றாள் அத்தை.

எட்டு வருடக் கெடு வெள்ளிக்கிழமை மாலை நாலு மணியோடு முடிகிறது. அதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. மறுபடியும் நுழைவுத் தேர்விலிருந்து தொடங்க வேண்டும். அத்தைக்கு வயது ஐம்பத்திரண்டு.

பைண்டிங் கடைக்காரர் நான்கு பிரதிகளையும் வெள்ளிக்கிழமை மத்தியானம்தான் தந்தார். நெறியாளரின் கையெழுத்து மட்டும் பாக்கி. அதை முன்பே வாங்கியிருக்கலாமே என்று கேட்டேன். அத்தை என்னைப் பார்த்த பார்வையில், ஜன்னலுக்கு வெளியே நிற்பவர்களின் கஷ்டம் புரிந்தது.

"பைண்டிங் முடிஞ்சப்புறம்தான் கையெழுத்து. எங்க ஜன்னல் லிஸ்ட்ல ஆறாவது. நீல மைல போடணும். ஏழாவது."

அரை நாள் விடுப்பு போட்டிருந்தாள். இருவரும் ஆளுக்கு இரண்டு பிரதிகளைச் சுமந்துகொண்டு தேர்வுக் கட்டடத்துக்குப் போனோம். அவளுடைய நெறியாளர் மூன்று வாரமாக அங்கே விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். ஐந்து மணிவரை வெளியே வர முடியாது. வாசலில் காவல் இருந்த பெண் பிரதிகளைப் பார்த்தாள், அத்தை நீட்டிய நீலப் பேனாவையும் பார்த்தாள்.

"புக்கு போகும். பேனா போகாது."

"கையெழுத்துக்குத்தான்மா."

"உள்ள சிவப்பு மட்டும்தான் மேடம். நீலம் போச்சுன்னா விடைய எழுதிச் சேத்துருவாங்க. ரூல்."

ரூல் என்ற சொல்லை எதிர்ப்பக்கத்திலிருந்து கேட்டு அத்தைக்குப் பழக்கமில்லை. நீட்டிய பேனாவை நீட்டியபடியே நின்றாள். அந்தப் பெண்ணுக்கே மனசு இளகிவிட்டது. "வருகைப் பதிவேட்டுல நூல் கட்டி ஒரு நீலப் பேனா வெச்சிருக்கோம். அதுல போடச் சொல்றேன்" என்று பிரதிகளை வாங்கிக்கொண்டு போனாள்.

இருபது நிமிடத்தில் திரும்பி வந்தாள். முகம் சரியில்லை.

"சொன்னேன் மேடம். சாரு தலையே நிமிரல. நாலையும் வாங்கினாரு, சரசரன்னு போட்டாரு, அடுத்த கட்டுன்னுட்டாரு."

நான்கிலும் சான்றிதழ்ப் பக்கத்தில் கையெழுத்து ரத்தச் சிவப்பில் இருந்தது. அது மட்டுமல்ல. பக்கத்தின் நடுவில் ஒரு டிக். வலது மேல் மூலையில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் மார்க். முதல் பிரதிக்கு இருபதுக்குப் பதின்மூன்று, இரண்டாவதற்குப் பதினாலு, மூன்றாவதற்குப் பதின்மூன்று. நாலாவது கைக்கு வரும்போது பசி நேரம் போலிருக்கிறது, பதினொன்று.

"எல்லாம் ஒரே தீசிஸ்தானே" என்றேன்.

"பேசாம வா" என்றாள் அத்தை. மணி மூன்று பத்து.

ஆறாம் எண் ஜன்னலில் அன்று முத்திரை உட்கார்ந்திருந்தார். பிரிவின் முத்திரை அவர் பொறுப்பில் இருப்பதால் அந்தப் பெயர். அத்தை பக்கத்துக் கதவால் உள்ளே போகாமல் வரிசையில் போய் நின்றாள். முன்னால் ஏழு பேர். எட்டு வருடம் எண்ணிய வரிசையில் முதல் தடவையாக நிற்கிறாள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை எக்கி எக்கி முன்னால் பார்த்தாள். அதுவும் அவள் ஆய்வேட்டில் ஐந்தாம் அத்தியாயத்தில் இருக்கிறது.

எங்கள் பின்னால் ஒரு நெட்டையன் வந்து நின்றான். பள்ளிக்கூட வாத்தியார். அத்தை அவனை ஏற்கெனவே மூன்று தடவை திருப்பி அனுப்பியிருந்தாள்: முதலில் ஓரம், பிறகு பக்க எண், அன்று காலையில் கறுப்பு மைக் கையெழுத்து. அவனுடைய நெறியாளர் வெளிநாட்டில் இருக்கிறார். அவனுக்கும் அன்றே கெடு.

"இன்னொரு தடவ கேட்டுப் பாக்கலாம்னு வந்தேன் மேடம்" என்றவன், அத்தை கையில் இருந்ததைப் பார்த்துவிட்டு, "நீங்களுமா?" என்றான்.

எங்கள் முறை வந்தபோது நாலு மணிக்குப் பதினைந்து நிமிடம் பாக்கி. முத்திரை ஸ்கேலை எடுத்தார். நாலு சென்டிமீட்டர், நூல் பிசகவில்லை. சான்றிதழ்ப் பக்கத்தைத் திருப்பினார். மூலையில் இருந்த வட்டத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"பாஸ் பண்ணிட்டீங்க போலிருக்கே."

"சார், விளையாடாதீங்க."

முத்திரை குரலைத் தாழ்த்தினார். "நான் எதையும் பாக்கல. வெச்சுட்டுப் போங்க மேடம். திங்கக்கிழம நீலத்துல ஒரு தாள ஒட்டிக்கலாம்."

இத்தனை எளிதாக முடிந்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. பிரதிகள் மேல் இருந்த கையை அத்தை எடுக்கவில்லை. பின்னால் நெட்டையன் தன் ஆய்வேட்டுக் கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கூரையில் சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். காதில் விழாத மாதிரி நிற்பது எப்படி என்று அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை.

"விதிப் புத்தகத்த எடுங்க சார்" என்றாள் அத்தை. "முப்பத்தோராம் பக்கம். சத்தமா படிங்க."

முத்திரை தேடிப் படித்தார். "நெறியாளர் ஒவ்வொரு பிரதியிலும் தம் கைப்படக் கையொப்பமிட வேண்டும்."

"என்ன கலர்?"

அவர் அடுத்த பக்கத்தையும் புரட்டிப் பார்த்தார். "கலரே போடலியே."

"போடல. நீலம்கிறது நான் எழுதினது. பன்னெண்டு வருஷம் முந்தி ஒருத்தன் கையெழுத்த ஜெராக்ஸ் எடுத்து வெச்சுட்டான். அந்தக் கோவத்துல லிஸ்ட்ல சேத்தேன். யாரும் கேக்கல. அப்படியே ரூலாயிடுச்சு."

நெட்டையன் விசிறியை விட்டுவிட்டு அத்தையைப் பார்த்தான்.

"அப்போ ஆறாவது?" என்று கடைசியிலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது.

"அதுவும்தான்" என்றாள் அத்தை, திரும்பாமல். பிறகு ஒதுங்கி நின்றாள். "வாத்தியாருது மொதல்ல போடுங்க. காலைலயே போட்டிருக்க வேண்டியது."

முத்திரை அவனுடைய கறுப்புக் கையெழுத்தின் கீழ் ஓங்கி ஒரு குத்து, அத்தையின் சிவப்புக் கையெழுத்தின் கீழ் ஓங்கி ஒரு குத்து வைத்தார். மூன்று ஐம்பத்தாறு என்று ரசீதில் எழுதினார். நெட்டையன் நன்றி சொல்லவில்லை. "மார்ஜினும் உங்க ரூல்தானா மேடம்?" என்றான்.

"மார்ஜின் புக்குல இருக்கு. அதுல கை வெக்காதீங்க."

கண்ணாடியில் ஒட்டியிருந்த பட்டியலில் ஆறு, ஏழு இரண்டையும் அத்தையே அடித்தாள். ஸ்கேல் வைத்து, நேராக.

வீட்டுக்குப் போகலாம் என்றேன். கேட்கவில்லை. தேர்வுக் கட்டடத்துக்கே திரும்பி நடந்தாள். ஐந்தே காலுக்கு நெறியாளர் விரல்களை உதறிக்கொண்டு வெளியே வந்தார்.

"குடுத்துட்டீங்களாம்மா? சந்தோஷம்."

"குடுத்தாச்சு சார். ஒரே ஒரு சந்தேகம்." அத்தை நாலாவது பிரதியைப் பற்றித்தான் கேட்டாள். "பதினொண்ணு எதுக்கு சார்?"